படகில் அரை டிக்கட்

அறிவிப்புப் பலகையைக் கண்டால் அவர் முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். பிறகு ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, கொஞ்சம் சத்தமாகவே வாசிப்பார். எழுத்து மங்கிய இடத்தைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு மறுபடியும் வாசிப்பார். கடைசி வரிக்கு வந்ததும், "சரியாத்தான் போட்டிருக்கான்" என்று தலையாட்டுவார். அப்புறம் திரும்பிச் சொல்வார்: "ஆனா நம்ம கேஸ் வேற."

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். விதியை எதிர்ப்பவர் அல்ல இவர். விதியை மதிப்பவர், எழுதியவனை மெச்சுபவர், ஊரில் எவனாவது அதை மீறிவிட்டால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் வருந்துபவர். அது மற்றவர்களுக்காகப் போடப்பட்டது என்பதில் மட்டும் இவருக்குச் சந்தேகமே இல்லை. ஹெல்மட் தூரம் போகிறவனுக்கு. வரிசை அவசரமில்லாதவனுக்கு. 'இங்கே குப்பை போடாதீர்' என்பது பெரிய பையோடு வருகிறவனுக்கு. இவர் கையில் இருப்பது ஒரு சின்னப் பைதானே?

தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துக் கிருஷ்ணராஜை எடுத்துக்கொள்வோம். வெலிமடையில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அவர்தான் பொறுப்பு. போயா விடுமுறைக்கு வேன் பிடித்து, குடும்பத்தோடு கீழே ஒரு குளத்துக்குப் படகில் போக வந்திருந்தார். மலையில் தண்ணீர் விழுவதைப் பார்க்கலாம். நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் இறங்கித்தான் வரவேண்டும்.

படகுக்கார அலவி நானா தூரத்திலேயே தலைகளை எண்ணிவிட்டார். ஒன்பது. அவருடைய படகுக்கு ஆறு பேர். ஆறு உயிர்காப்பு அங்கிகள். முந்திய வருடம் யாரோ கெஞ்சியதற்காக எட்டுப் பேரை ஏற்றி அகப்பட்டவர். இன்னொரு தடவை என்றால் அனுமதிப்பத்திரம் போய்விடும் என்று பரிசோதகர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

"ஆறு பேர்தான் தம்பி. ரெண்டு தரமாப் போவோம்."

"போர்ட்ட வாசிச்சிட்டுத்தான் வாறேன் நானா. ஆறு பேர்தான் இருக்கோம்."

"ஒம்பது ஈக்கிதே?"

"பெரியவங்க நாலு. பிள்ளைங்க நாலு, அரை டிக்கட், அது ரெண்டு. கைக்குழந்தைக்கு டிக்கட்டே இல்ல. கூட்டிப் பாருங்க."

அலவி நானா கூட்டிப் பார்த்தார். ஆறுதான் வந்தது. ஒரு கணம் அவருக்கே பயமாக இருந்தது.

"பஸ்ஸுக்கு அது சரி தம்பி. பஸ் தாழாதே. இது பாரம் பாக்கிற சாமான்."

பாரம் என்ற சொல்லைக் கேட்டதும் கிருஷ்ணராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாரத்தப் பத்தி என்கிட்டயா? மூட்டையக் கண்ணால பாத்தே கிலோ சொல்லுவேன். வெலிமடையில யார்கிட்ட வேணுன்னாலும் கேளுங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. இந்த நாலு பெரியவங்களையும் சொல்லுங்களே."

அவர் தன்னைச் சொன்னார். மனைவி துஷாந்தினியைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார். சகலை ரெங்கசாமியைச் சரியாகச் சொன்னார். அடுத்து நின்றது ரெங்கசாமியின் மனைவி, துஷாந்தினியின் அக்கா, நல்லம்மா. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க தம்பி, நானும் கேக்கிறேன்."

"மதினி வந்து... ஒரு நாப்பத்தஞ்சு."

ரெங்கசாமி குளத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என் ஒத்தக் காலு நாப்பத்தஞ்சு இருக்கும்" என்றார் நல்லம்மா. "இப்பிடித்தான் லொறிக்கும் ஏத்துறீங்களா? நான் பிள்ளைங்களோட ரெண்டாவது தரம் வாறேன். நீங்க உங்க கணக்கோட போங்க."

வேறு வழி? இரண்டு தரம் என்று முடிவானது. ஆனால் இந்த இனம் தோற்ற இடத்திலும் ஒரு சலுகை கேட்காமல் போகாது.

"ஒரு படம் மட்டும் நானா. எல்லாரும் ஒண்ணா உக்காந்த மாதிரி. கயிற அவுக்கவே வேணாம்."

படகின் அடி சேற்றில் இருந்தது. கயிறு முளையில் இருந்தது. என்ன ஆகிவிடப் போகிறது? அலவி நானா சரி என்றார். ஒன்பது பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள், ஆறு பேர் அங்கியோடு, மூன்று பேர் இல்லாமல். "நீங்களும் பின்னால நில்லுங்க நானா, அப்பத்தான் ஓடுற மாதிரி இருக்கும்." அவரும் நின்றார். வேன் சாரதி படம் எடுத்தார். பிறகு இரண்டு தரமாகப் போய் இரண்டு தரமாக வந்தார்கள். ஒருவருக்கும் கால் நகம்கூட நனையவில்லை.

அன்று மாலையே படம் ஃபேஸ்புக்கில் ஏறியது. முளையும் கயிறும் வெட்டப்பட்டிருந்தன. கீழே கிருஷ்ணராஜின் வாசகம்: 'ஆறு பேர் படகில் ஒன்பது பேரை ஏற்றினார்கள். நான்தான் விதியை எடுத்துச் சொல்லி, பாதிப் பேரை இறக்கினேன். பாதுகாப்பு முக்கியம் உறவுகளே.' அவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஹாலிஎலை தாண்டுவதற்குள் அவருக்கு அது அப்படித்தான் நடந்திருந்தது.

நீங்கள் இதை யார் பக்கம் நின்று வாசித்தீர்கள்? அலவி நானா பக்கம்தானே? கிருஷ்ணராஜ் வாசித்தாலும் அங்கேதான் நிற்பார். நல்ல படம் என்று முந்நூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்; அவர்களில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று ஒரு தடவை ஃபோனை எடுத்துப் பாருங்கள்.

அந்த முந்நூறில் யாரோ ஒருவர் அதைப் பரிசோதகருக்கு அனுப்பியிருக்கிறார். படகு இப்போது அனுமதிப்பத்திரம் இல்லாமல் கரையில் கவிழ்த்துப் போட்டபடி கிடக்கிறது. நடந்ததைச் சொல்ல வரும்படி விசாரணைக்குக் கிருஷ்ணராஜையும் கூப்பிட்டுக் கடிதம் வந்திருந்ததும், அந்த நாளில் அவர் வெலிமடையில் லீக்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றதும் பிற்பாடு துஷாந்தினி சொல்லித்தான் தெரியவந்தது.