சிவப்பு சோபா அனுப்பிய மைத்துனருக்கு

பிரிக்ஃபீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திரு. பிரகலாதன் அவர்களுக்கு,

யோகநாதன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா மீனலோசனியும், என் வலது முழங்கால் நீங்கலாக, நலமே. கிள்ளானில் நீங்களும் உங்கள் துணைவி லோஜினியும் உங்கள் பர்னிச்சர் கடையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கைபேசியில் இரண்டு கைகளைக் கூப்பும் படத்தை அனுப்பி நன்றியை முடித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பேசவும் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நமக்குள் பேச்சு நின்றதற்கான காரணத்தை நான் இங்கே கிளறப் போவதில்லை. கோயில் மண்டபத்தில் என் 'மகுடம் கேட்ட மகாராணி' நாடகம் அரங்கேறிய அன்று, மகாராணி நெஞ்சில் அறைந்து புலம்பும் காட்சியில், முதல் வரிசையில், மாலையும் கழுத்துமாக, சிறப்பு விருந்தினர் நாற்காலியில் அமர்ந்து நீங்கள் விட்ட குறட்டை ஒலிபெருக்கியில் கேட்டது என்பதை நான் குறிப்பிடவே போவதில்லை. புலம்பியது உங்கள் சொந்த அக்கா என்பதையும் விட்டுவிடுகிறேன். சனிக்கிழமையோடு அதெல்லாம் கழிந்தது. நீங்கள் செய்த உதவியின் முன்னால் அந்தக் குறட்டை எனக்கு இப்போது ஆலாபனையாகவே ஒலிக்கிறது.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்குப் பண்பாட்டு விழாவில் உள்ளூர்க் கலைஞர்கள் பங்கேற்க வேண்டும் என்று எங்கள் நாடகக் குழுவுக்கும் அழைப்பு வந்தது. கிள்ளானில் திறந்தவெளி மேடை. சிங்க நடனக்காரர்கள், மலாய் ஸாப்பின் நடனம் ஆடும் பெண்கள், கேரித் தீவிலிருந்து முகமூடி செதுக்கும் மா மெரி பழங்குடி மக்கள், இவர்களுக்கு நடுவில் நாங்கள். இத்தனை வருடம் கோயில் மண்டபத்தில் நம் சனங்களுக்கு மட்டுமே போட்ட நாடகத்தை மற்றவர்களும் பார்க்கப் போகிறார்கள் என்றதும் உங்கள் அக்காவுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. இதுவும் சரியாக வரவில்லையென்றால் குழுவைக் கலைத்துவிடுவதென்று நான் மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். அவளுக்கு அதைச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாதது என்று இந்த வீட்டில் எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை, பொருள்களை ஏற்ற நாங்கள் பேசி வைத்திருந்த லோரிக்காரர் போன் செய்து, "அங்கிள், கியர்பாக்ஸ் போச்சு லா, சோரி" என்றார். அதே நேரம் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட்டும் நின்றுவிட்டது. சரி, அரியணையை முதலில் கீழே இறக்குவோம் என்று மன்னராக நடிக்கும் ராஜனும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினோம். ராஜன் ஏர்கான் பழுதுபார்ப்பவர், நல்ல மனிதர், நல்ல பாரம். பாதி வழியில் மூச்சு வாங்குகிறது என்று அந்த அரியணையிலேயே உட்கார்ந்தார். பலகையில் செய்து தங்கத்தாள் ஒட்டிய அந்த அரியணை அங்கேயே, அதே படியில், தன் ஆட்சியை முடித்துக்கொண்டது. ராஜன் தரையில் கிடந்தபடி, "அங்கிள், மன்னர் நின்னுக்கிட்டே ஆட்சி பண்ணக் கூடாதா?" என்று கேட்டார். அரியணையை விட்டு இறங்க மறுக்கும் மன்னனைப் பற்றிய நாடகம் அது. நின்றுகொண்டே எப்படி இறங்க மறுப்பது?

வீட்டுக்குத் திரும்பி ஏறியதும் மீனா, "தம்பிகிட்ட ஒரு லோரி கேக்கட்டுமா?" என்றாள். நான் தலையைத் தூக்கி வீட்டு முகட்டைப் பார்த்தேன். முகட்டைப் பார்த்தால் சம்மதம் என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்திருக்கும் கணக்கு. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள், பேசினாள், ஒன்றும் சொல்லாமல் வந்து வேடத்துணிகளை மடித்தாள். நானும் கேட்கவில்லை. நாங்கள் மூட்டைகளோடு கீழே இறங்கி நின்ற சற்று நேரத்தில், மச்சான், உங்கள் லோரி வந்து நின்றதே!

ஓட்டி வந்த தம்பியின் பெயர் ஷாஹுல் ஹமீது, காஜாங் ஊர்ப் பையன். இறங்கியதும், "அங்கிள், இதுதானே பி பிளாக்? சோபா கொண்டாந்திருக்கேன்" என்றார். பின்கதவைத் திறந்தால், இரத்தச் சிவப்பில், மூன்று பேர் உட்காரும் அளவில், தங்க நிறக் கால்களோடு ஒரு சோபா! "மீனா! உன் தம்பி அரியணையே அனுப்பிட்டார்!" என்று கத்திவிட்டேன். ஷாஹுல் ஹமீது, "இல்ல அங்கிள், இது வந்து நாலாவது மாடி…" என்று இழுத்தார். "மாடிக்கெல்லாம் ஏத்த வேணாம் தம்பி, நேரா கிள்ளானுக்குப் போறோம்" என்றேன். "அங்கிள், நான் என்ன சொல்ல வரேன்னா…" என்றார். "ஒண்ணும் சொல்ல வேணாம், உங்க முதலாளி மனசு எனக்குத் தெரியும்" என்றேன். எவ்வளவு அடக்கமான பிள்ளை! மீனா அவரை லோரிக்குப் பின்னால் அழைத்துப்போய்த் தேநீர் கொடுத்தாள். அவர் தலையைச் சொறிந்தார், யார் யாருக்கோ போன் செய்தார், பிறகு வந்து, "சரி, ஏறுங்க. ஆனா பிளாஸ்டிக்கை மட்டும் பிரிக்காதீங்க" என்றார். உங்கள் கடைப் பொருள் மீது உங்கள் ஆட்களுக்கு எத்தனை அக்கறை என்று நான் வியந்தேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறைக்கு முந்திய குழு மேடையில் இருந்தது. காவலனாக நடிக்க வேண்டியவர் காய்ச்சல் என்று காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாராம், நான் பார்க்கவில்லை. ஷாஹுல் ஹமீதோ, சோபாவை மேடையில் வைத்துவிட்டு இறங்க மாட்டேன் என்றார். "பொருளை விட்டு நான் நகர மாட்டேன் அங்கிள். கீறல் விழுந்தா என் கதை முடிஞ்சது." அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. தலையில் முண்டாசைக் கட்டி, கையில் ஈட்டியைக் கொடுத்து, அவரை அரியணைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். இத்தனை வருட நாடக வாழ்க்கையில் அப்படி ஒரு காவலனை நான் பார்த்ததில்லை. கண் இமைக்காமல் அந்தச் சோபாவையே காத்தார்.

திரை விலகியது. பின்னணி இசை இருந்த ராஜனின் கைபேசி செத்துப் போயிருந்தது. நான் பக்கவாட்டில் நின்று நெற்றியில் அடித்துக்கொள்வதைப் பார்த்த சிங்க நடனக்குழுவின் மேளக்காரர், ஒரு சீனப் பெரியவர், "அங்கிள், நீங்க கையைக் காட்டுங்க, நான் அடிக்கிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தன் பெரிய மேளத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார். மன்னர் நடந்து வந்தார், மேளம் முழங்கியது, மன்னர் அமர்ந்தார். பிளாஸ்டிக் 'சரசரசர' என்றது. மீனா முழங்காலிட்டு, "மன்னா, உம் மக்கள் பசியில் வாடுகிறார்களே, இந்த மணிமுடி இனி யாருக்காக?" என்று புலம்பத் தொடங்கினாள். அந்த இடத்தில்தான் மன்னர் "எனக்காக!" என்று சீறி எழ வேண்டும். வெயிலுக்கு ராஜனின் முதுகும் தொடையும் வியர்த்து, பட்டு வேட்டியோடு பிளாஸ்டிக்கில் ஒட்டிப் போயிருந்தன. "எனக்…" என்று எழுந்தார். சோபா அவரை விடவில்லை. மறுபடி எழுந்தார். 'பர்ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. அது எப்படிப்பட்ட சத்தம் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத என் வளர்ப்பு இடம் தரவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழு கலைந்தது என்று நினைத்தேன். அப்போது மீனா, நான் எழுதவே எழுதாத ஒரு வசனத்தைச் சொன்னாள். "பாருங்கள் மக்களே! மன்னர் அரியணையை விட்டாலும், அரியணை மன்னரை விடுவதாக இல்லையே!" என்றாள். சொன்னதோடு நில்லாமல் அதையே மலாயிலும் சொன்னாள். ஐயோ மச்சான், அந்தச் சிரிப்பு! மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். ராஜன் வேண்டுமென்றே மறுபடி உட்கார்ந்தார். எழும்போதெல்லாம் காவலன் ஓடி வந்து துண்டால் சோபாவைத் துடைத்தார். அது நடிப்பு இல்லை என்று எனக்கு மட்டுந்தான் தெரியும். கடைசியில் மகாராணியும் காவலனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மன்னரை அரியணையிலிருந்து பிடுங்கி எடுத்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. அழ வைக்க எழுதிய நாடகம். ஆனால் நான் சொல்ல நினைத்தது என்னவோ, அது தமிழ் தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

பிறகு எல்லாருக்கும் அந்தச் சோபாவில் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டுமாம். ஸாப்பின் பெண்கள் உட்கார்ந்தார்கள், சிங்கம் உட்கார்ந்தது, கேரித் தீவுக் கலைஞர் ஒருவர் தன் முகமூடியை மீனாவின் முகத்தில் வைத்து அழகு பார்த்தார். ஷாஹுல் ஹமீது, "செருப்பைக் கழட்டு பாஸ், செருப்பைக் கழட்டு" என்று ஈட்டியோடு வரிசையை ஒழுங்கு செய்தார். ஒரு மலாய் மூதாட்டி மீனாவின் கையில் ஒரு பொட்டலம் பலகாரத்தை வைத்து, தன் கணவரும் இப்படித்தான், சாய்வு நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீனா அவரைக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று.

திரும்பி வந்ததும் இன்னொரு அதிசயம். அந்தச் சோபாவை வாங்கிய உங்கள் வாடிக்கையாளர் எங்கள் பிளாக்கிலேயே, நான்காம் மாடியில் இருக்கும் ருக்கையா டீச்சர்தானாம்! எத்தனை பொருத்தம்! நல்ல வேளையாக லிஃப்ட்டும் ஓடத் தொடங்கியிருந்தது. விழாவை நேரலையில் பார்த்திருந்த டீச்சர், "என் சோபா நல்லாத்தான் நடிச்சுது" என்று சொல்லி, அதில் முதலில் மீனாவை உட்கார வைத்த பிறகே தாம் உட்கார்ந்தார்.

ஆகவே மச்சான், லோரி தந்ததற்கும், அரியணை தந்ததற்கும், ஷாஹுல் ஹமீதைத் தந்ததற்கும் நான் உங்களுக்குக் கடமைப்பட்டவன். நீங்கள் பெரிய மனது உள்ளவர். நான் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்கட்டும், உங்கள் கடை நாற்காலிகள் ஒன்றும் கால் ஆடாதிருக்கட்டும், லோஜினிக்கு எங்கள் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத,
யோகநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் மீனாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிட்டார்கள். நீங்கள் லோரி அனுப்பவே இல்லையாம். அவள் கூப்பிட்டபோது நீங்களும் லோஜினியும் பினாங்கில் இருந்தீர்களாம், கடை பூட்டியிருந்ததாம். வந்தது வேறு ஏதோ கடையின் லோரியாம், சோபாவை டீச்சர் வீட்டில் இறக்க வந்ததாம். ஷாஹுல் ஹமீது அதைத்தான் என்னிடம் சொல்ல வந்தாராம். மீனாதான் லோரிக்குப் பின்னால் வைத்து டீச்சரிடமும் ஷாஹுல் ஹமீதின் முதலாளியிடமும் போனில் அனுமதி வாங்கினாளாம். "அப்பவே என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா என் தம்பிக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியிருப்பீங்களா?" என்கிறாள். எனவே மேலே உள்ள நன்றிகள் யாவற்றையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஷாஹுல் ஹமீதுக்குத் தனியே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

தம்பி, அக்கா எழுதுறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோஜியையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வா. இவர் இப்பத்தான் பாசார் மீன்கடைக்குப் போன் பண்ணி, பெரிய நண்டா பார்த்து எடுத்து வைக்கச் சொன்னார். யாருக்குன்னு கேட்டேன். முகட்டைப் பார்க்கிறார்.