முகூர்த்த நாளில் ஐந்தருவி பஸ்

தென்காசி வட்டாரத்தில் எங்காவது ஒரு கல்யாணம் தள்ளிப்போனால் அல்வா வாங்கிக் கொடுக்கிற மனிதர் ஒருவர் உண்டு. கேட்கவே பகீரென்கிறதல்லவா? அவரே என் கையில் அல்வாவைத் திணித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஐந்தருவி பஸ்ஸின் கண்டக்டர். எங்கள் ரோட்டில் எல்லாருக்கும் அவர் முகூர்த்தம் அண்ணாச்சி.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடையநல்லூர் பாய் ஒருவர் வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து வாங்கிய ஒற்றை வண்டி. குற்றாலம் வரைக்கும் எத்தனையோ பஸ் உண்டு. ஐந்தருவி ரோட்டில் குடியிருக்கும் எங்களைக் காலை எட்டேகாலுக்கு அள்ளிக்கொண்டு, ஒன்பதுக்குள் தென்காசியில் இறக்கிவிட அது ஒன்றுதான் கதி. சாரல் சீசனில் மூச்சுவிட இடம் இருக்காது. சீசன் முடிந்தால் வண்டியில் காற்றுதான் உட்கார்ந்து போகும். அதனால் சீசனோ இல்லையோ, முகூர்த்த நாள் வந்தால் பாய் ரூட்டை அம்போவென்று விட்டுவிட்டு வண்டியைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு அனுப்பிவிடுவார். நாங்கள் ரோட்டில் நிற்போம். "கல்யாண டிரிப்புலதான் டயரு மாத்துதேன். அதுவும் இல்லைன்னா வண்டிய வித்துட்டுப் போயிருவேன்" என்பார். அவர் சொல்வதிலும் பொய் இல்லை.

ஆனால் கண்டக்டருக்கு அது தாங்காது. டிக்கெட் பைக்குள் ஒரு தினசரி காலண்டரைச் செருகி வைத்திருப்பார். டிக்கெட் கிழிக்கும் முன் செய்தி வாசிப்பார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. வியாழக்கெழம முகூர்த்தம். வண்டி வராது. லீவு போடுதவங்க இப்பமே எழுதிக் குடுத்துருங்க!"

ஆடி பிறந்தால் அவருக்குத் தீபாவளி. கல்யாணம் கிடையாது பாருங்கள்! தை பிறந்தால் முகம் சுண்டிவிடும். யாராவது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் அந்தக் கல்யாண வீட்டுக்கே போய் நிற்பார்.

"தாயி, இந்த வண்டியில போனா மாப்ள வீட்டுக்காரன் என்ன நெனப்பான்? சீட்டெல்லாம் மூட்டைப்பூச்சி. பேசாம வேன் புடிங்க."

பிழைப்புத் தரும் வண்டியையே இப்படிப் பேசுகிறாரே என்று நான் ஆடிப்போய்விட்டேன். "என்ன அண்ணாச்சி இது, அநியாயமா இல்லையா?" என்று கேட்டேன். "அநியாயமா? அம்பது பேரு ஆபீசுக்குப் போகாம நிக்கானுவளே, அதுக்குப் பேரு என்ன சார்?" என்றார்.

அவருடைய மூத்த மகள் கல்யாணத்தை எப்போது வைத்தார் தெரியுமா? அஷ்டமியில்! அதுவும் ஞாயிற்றுக்கிழமை! ஜோசியர் வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை, வண்டி ஓடாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர் கணக்கு. சம்பந்தி வீட்டார் எப்படிச் சம்மதித்தார்கள் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஓர் ஆனி மாதம் வந்தது. என் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சங்கரன்கோவில் மண்டபத்தில் கல்யாணம். பெண்வீட்டார் பிடித்தது இந்த வண்டியைத்தான். பாய் டிரைவரிடம், "காலைல ஆறு மணிக்குத் தென்காசி கோயில் வாசல்ல நாப்பது பேரு நிப்பாங்க. ஏத்திக்கிட்டுப் போயிரு" என்று சொல்லியிருந்தார். முகூர்த்த நாளில் கண்டக்டர் வரமாட்டார், அது அவருடைய சத்தியாக்கிரகம். ஆனால் முதல் நாள் சாயங்காலமே வண்டியின் முன்னால் 'ஐந்தருவி' போர்டை மாட்டி, யாரும் கழற்ற முடியாதபடி சங்கிலி போட்டு, இரண்டு பூட்டும் பூட்டிவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் முதல் நாளே மண்டபத்துக்குப் போயிருந்ததால் இந்தக் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்தேன். ஏழரை மணிக்கு பஸ் வந்து நின்றது. மேளம் முழங்கியது. பன்னீர்ச் செம்போடு பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். முதலில் இறங்கியவர் இடுப்பில் ஒரு துண்டு. உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய். அடுத்தவரும் அப்படியே. மூன்றாமவர் கையில் சீயக்காய்ப் பொட்டலம். ஐயோ, ஆண்டவா! நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு பெண் பழக்கதோஷத்தில் அந்த எண்ணெய்த் தலையில் பன்னீரைத் தெளித்தேவிட்டாள்.

"அண்ணே, ஃபால்ஸ் எந்தப் பக்கம்?" என்று துண்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"இங்கன ஏதுய்யா ஃபால்ஸு? இது கல்யாண மண்டபம்!"

தென்காசி லாட்ஜில் தங்கியிருந்த வெளியூர் கோஷ்டி அது. கோயில் வாசலில் 'ஐந்தருவி' போர்டைப் பார்த்ததும் ஏறிவிட்டார்கள். யாரும் டிக்கெட் கேட்கவில்லை என்ற சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கியும் விட்டார்கள். பெண்ணின் அப்பா டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணெயத் தேச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்கு வாரவனப் பாத்திருக்கீராவே?"

"மண்டபத்துல குளிச்சுட்டு வேட்டி மாத்துவாவன்னு நெனச்சேன், அண்ணாச்சி. நாப்பது பேரு நிப்பாவன்னு சொன்னாவ. நின்னாவ. ஏத்துனேன்."

பெண்ணின் தாய்மாமனும் உறவுக்காரர்களும் பட்டுச்சட்டையோடு அதே கோயில் வாசலில்தான் நின்றிருந்தார்கள். போர்டைப் பார்த்து, "இது நம்ம வண்டி இல்லலே" என்று ஒதுங்கி வழிவிட்டிருக்கிறார்கள்! ஒன்பது மணியோடு முகூர்த்தம் முடிகிறது. தாய்மாமன் வராமல் தாலி கட்டக்கூடாது என்று பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாம்பழ லோடு வேன் ஒன்றின் பின்னாலிருந்து மாமன் குதித்தார். தாலி ஏறியது. அதற்குள் துண்டுக்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறையாகப் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் செங்கோட்டை வரை பரவிவிட்டது. பாய் கண்டக்டரை வேலையைவிட்டு நிறுத்தினார். பஸ்ஸையும் நிறுத்தினார். திங்கட்கிழமை எட்டேகாலுக்கு வழக்கம்போல் போய் நின்ற எங்களுக்கு வந்தது வெறும் மழைதான்.

அடுத்த ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கடையநல்லூருக்குப் போய் பாயின் வீட்டில் நின்றோம். கண்டக்டர் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்க்கச் சொல்வதாகத் திட்டம்.

"உங்க ஆளு காலைலயே வந்துட்டுப் போயாச்சு" என்றார் பாய்.

"வேலை கேட்டா?"

"வேலைய யாரு கேட்டா? 'தப்பு செஞ்சது நான். என்னைய வீட்டுக்கு அனுப்புங்க. வண்டிய மட்டும் நிப்பாட்டிராதிய. நர்ஸம்மாவுக்கு வேற வண்டி கெடையாது. இன்சூரன்ஸ்காரரு மூணு நாளு லேட்டாப் போனா அரை நாள் சம்பளம் போயிரும்'னு ஒவ்வொருத்தரையாச் சொல்லிச் சொல்லி அழுதாரு."

தூக்கிவாரிப்போட்டது. அந்த இன்சூரன்ஸ்காரன் நான்தான். அவரிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. பஸ்ஸில் யாரிடமோ புலம்பியதைக் கேட்டு மனதில் வைத்திருக்கிறார். வேலை போன நேரத்தில் என் அரை நாள் சம்பளத்துக்காக ஒரு மனிதர் அழுதிருக்கிறார்!

பாய் எங்களை ஒரு சுற்று பார்த்தார். "மழை பெஞ்சா பஸ்ஸு, வெயிலடிச்சா பைக்கு. அதான உங்க வழக்கம்? தெனமும் ஏறுவியளா, சொல்லுங்க. ஏறுனா அவரையும் சேத்துக்கிடுதேன், வண்டியையும் ஓட்டுதேன். எப்படியும் இனிமே எவன் என் வண்டியக் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போறான்?"

எல்லாரும் தலையாட்டினோம். நான்தான் பலமாக ஆட்டினேன். அந்த வாரம்தான் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டியிருந்தேன்.

பஸ் மறுபடி ஓடுகிறது. கல்யாணமோ காதுகுத்தோ, ஒருநாளும் தவறுவதில்லை. அன்றைக்குத் தலையாட்டியவர்களில் பாதிப்பேர் பைக்குக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருநாள் அண்ணாச்சி படிக்கட்டில் தொங்கியபடி என் வீட்டு வாசலில் நின்ற புது ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டார். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், நீங்களும் போயிருவியளோ?"

"எங்க அண்ணாச்சி போக? ஒரே முதுகுவலி. ஸ்கூட்டர்ல ஒக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்படியா? ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று ஜன்னலோர சீட்டைத் துடைத்துவிட்டு என்னை உட்கார வைத்தார்.

எனக்கு முதுகில் ஒரு வலியும் கிடையாது.