பனிமலையில் நான் உழுத சால்

வேலை கேட்டுப் போகிறவன் கொஞ்சம் பொய் சொல்லலாம். உலகம் முழுக்க நடக்கிற காரியம்தான். ஆனால் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிடக் கூடாது. நான் நம்பினேன். எழுபத்துநாலாம் ஆண்டு, மெல்பேர்ணில், நோபல் பார்க் பக்கம் புல்வெட்டும் மெஷின்கள் திருத்துகிற ஒரு பட்டறையில் அது நடந்தது.

பட்டறை முதலாளியின் பெயர் கொலின். நெடிய மனிதர், அதிகம் பேசமாட்டார். "சிலோனில் என்ன செய்தாய்?" என்று கேட்டார். "உழவு மெஷின் திருத்தினேன்" என்றேன். அது உண்மை. கிளிநொச்சியில் ஆறு வருடம் அதுதான் என் பிழைப்பு. அதோடு வாயை மூடியிருக்கலாம். "எந்தச் சேற்றிலும் நடக்க வைப்பேன், எந்த மலையிலும் ஏற்றுவேன்" என்று சேர்த்துச் சொன்னேன். (கிளிநொச்சியில் மலை கிடையாது. நான் அதுவரை ஏறிய ஆக உயரமான இடம் குளக்கட்டு.)

கொலின் என்னைத் தற்காலிகமாக எடுத்தார். புல்வெட்டும் அலகுகளைத் தீட்டுவது என் வேலை. ஆறு மாதமாகத் தீட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கோ நிரந்தர வேலை என்று கொலின் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் தேவைப்பட்டது, கேட்டும் வைத்திருந்தேன். அதைக் குடிவரவுக் கந்தோருக்கு அனுப்பினால்தான் என் மனைவி மலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேரலாம். கலியாணம் முடித்து நாலே மாதத்தில் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். அவள் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் ஒன்றுதான்: "அந்தக் கடிதம் கிடைச்சுதோ?"

அந்த மாரிக் குளிரில்தான் மோரீன் என்கிற அம்மா ஒரு ஸ்னோமொபைலை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். மலைமேல் பனிச்சறுக்குக்காரர் தங்குகிற விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்பவர் அவர். ஸ்னோமொபைல் என்றால் மோட்டார் சைக்கிளின் தங்கச்சி மாதிரி ஒன்று. முன்னுக்குச் சில்லுக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு அகலமான றப்பர் பட்டி. அந்தப் பட்டி சுழன்று பனியைத் தள்ளத் தள்ள வண்டி முன்னே போகும். விடுதிக்கு முன்னால் ஒரு செங்குத்துச் சரிவு இருக்கிறதாம். அங்கே வந்ததும் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடுமாம். மாவும் மண்ணெண்ணெயும் மோரீனின் முதுகில்தான் மேலே போய்க்கொண்டிருந்தன.

கொலின் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த மலையிலும் ஏற்றுவேன் என்று சொன்னாயே."

"சொன்னேன்."

"இதை ஏற்றிக் காட்டு. அடுத்த நாளே உன் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன்."

நான் அதுவரை பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஐஸ்பெட்டிக்குள் படிகிறதே, அதுதான் என் பனி அனுபவம்.

சில வேலைகளைச் சரியாகத்தான் செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். உயரத்தில் காற்று மெலிவு, பெற்றோல் கூடிப்போகும் என்று காபுரேட்டரில் பெற்றோலைக் குறைத்து விடுகிற சின்ன ஜெட் போட்டேன். முன்பக்கப் பல்லுச்சக்கரத்தைச் சின்னதாக்கி இழுவையைக் கூட்டினேன். அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் எனக்குள் இருந்த கிளிநொச்சிக்காரன் விடவில்லை.

எங்கள் வயலில் உழவு மெஷின் சேற்றில் புதைந்தால் என்ன செய்வோம்? றப்பர் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லைப் பூட்டுவோம். அதில் இருக்கிற தகடுகள் சேற்றை வெட்டிக்கொண்டு போய் அடியில் இருக்கிற கெட்டி மண்ணைப் பிடிக்கும். பின்பக்கத்தில் பாரத்தையும் ஏற்றுவோம். பிறகு மெஷின் பல்லக்கு மாதிரிப் போகும். பனியும் வெள்ளைச் சேறுதானே என்று முடிவு கட்டினேன். றப்பர் பட்டி நெடுகிலும் இரண்டு அங்குல உயரத்துக்கு இரும்புத் தகடுகளை வரிசையாகப் பூட்டினேன். பெற்றோல் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளினேன். போதாதென்று இருக்கைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கட்டியையும் இறுக்கினேன். பட்டறைக்குப் பின்னால் மழையில் ஊறிக் கிடந்த மண்மேட்டில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி ஒரே பாய்ச்சலில் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றே மலருக்கு எழுதினேன்: "அடுத்த கிழமை கடிதம் வந்திடும். உடுப்புகளை அடுக்கத் தொடங்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலைக்குப் போய்ச் சேர்ந்தோம். சரிவைப் பார்த்தேன். கொலினும் மோரீனும் அடிவாரத்தில் நின்றார்கள். எனக்கும் அவர்களுக்கும் ஆளுக்கொரு வாக்கிடாக்கி. (செங்கல் அளவு, செங்கல் பாரம்.) நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, முறுக்கினேன்.

முதல் பாதி அருமை. கொலினைத் திரும்பிப் பார்த்துக் கை காட்டும் அளவுக்குத் திமிர் வந்தது. சரிவு செங்குத்தான இடத்தில் வண்டியின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. பின்பாரம் கீழே அழுத்தியது. சறுக்குப் பலகைகள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. நான் இன்னும் முறுக்கினேன். தகடுகள், வயலில் செய்ய வேண்டியதை அப்படியே செய்தன. அடியில் கெட்டி மண்ணைத் தேடிப் போயின. பனி என் முகத்திலும் வாயிலும் அடிக்க, வண்டி முன்னால் போகாமல் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் பனிக்குப் பதிலாகப் புல் பறந்தது. பிறகு மண். நான் தேடிய கெட்டி மண் என்னவோ கிடைத்துவிட்டது, என் தலைக்கு மேலே பனி இருந்தது.

இயந்திரம் நின்றது. அதன் பிறகு வந்த அமைதியை என்னால் மறக்க முடியாது. கையுறை நனைந்து விரல்கள் மரத்துவிட்டன. நான் வெட்டிய குழிக்குள்ளிருந்து பார்த்தால் ஒரு துண்டு சாம்பல் வானம் மட்டும் தெரிந்தது. மலர் உடுப்பு அடுக்கிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. நான் அழுதேன். குளிரில் கண்ணீர் வந்தது என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன், அது பொய்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "சன்னி, கேட்கிறதா?" சுந்தரம் என்ற என் பெயர் கொலினின் வாயில் சன்னி ஆகியிருந்தது. "கயிறு கொண்டு வரட்டுமா? வண்டியை இழுக்கலாமா?"

ஆறு மாதமாக 'யெஸ்' சொல்லிப் பழகிய நாக்கு அந்த நேரத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டது. "ஓம்!" என்று கத்தினேன். "ஓம், ஓம், ஓம்!" (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நீங்கள் 'ஆமாம்' என்பதை நாங்கள் 'ஓம்' என்போம். மந்திரம் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம்.)

கொலின், அதுவரை நான் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில், "சரி சன்னி. விளங்குகிறது. அழாதே, வருகிறோம்" என்றார்.

வர ஒரு மணித்தியாலம் ஆனது. கயிறு வரவில்லை. ஒரு கம்பளியும் ஒரு போத்தல் தேத்தண்ணியும் வந்தன. கொலின் வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைப் போர்த்தி, பிள்ளையை இறக்குவது போல இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றார். வேலை போய்விட்டது, அதை இதமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தேநீர் நேரத்தில் பட்டறையில் எல்லோரும் கூடி நின்றார்கள். மேசையில் ஒரு கேக். அதன் மேல் ஆங்கிலத்தில், 'நலமாக வீடு போய்ச் சேர்' என்று கிரீமில் எழுதியிருந்தது. கொலின் தொண்டையைச் செருமினார்.

"மலையில் சன்னி அழுதுகொண்டு 'ஹோம், ஹோம்' என்று கத்தியதை நான் கேட்டேன். இத்தனை நாள் அவன் மனதுக்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அவன் தன் நாட்டுக்கே போகட்டும். அந்தக் கடிதத்தை எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. இனி அது தேவைப்படாது."

எல்லோரும் நான் பேசுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொலின், நான் ஹோம் என்று சொல்லவில்லை, ஓம் என்றேன். எங்கள் மொழியில் அது யெஸ்."

கேக் வெட்ட எடுத்த கத்தியைக் கொலின் கீழே வைத்தார்.

"நான் கயிறு வேணுமா என்று கேட்டதற்கு?"

"ஓம்."

"நான் தேத்தண்ணி கொண்டு வந்தேனே."

"அது நல்லாக இருந்தது" என்றேன். வேறு என்ன சொல்வது?

முதலில் சிரித்தது கண்ணைத் துடைத்தவள்தான். பிறகு பட்டறையே சிரித்தது. கொலின் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் வண்டி ஏன் ஏறவில்லை?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இரும்புச் சில்லு, பின்பாரம், குளக்கட்டு உட்பட. ஏறுகிற வண்டிக்குப் பாரம் முன்னால் இருக்க வேண்டும் என்பதைக் குழிக்குள் இருந்து கண்டுபிடித்ததையும் சொன்னேன். அவர் கேக்கில் ஒரு துண்டை வெட்டி என் கையில் தந்து, "சாப்பிட்டுவிட்டுப் போய் அதைத் தோண்டி எடு" என்றார்.

தோண்டி எடுத்தோம். தகடுகளைக் கழற்றி, அரை அங்குல றப்பர்ப் பட்டைகளைப் பூட்டினேன். இரும்புக் கட்டியை எறிந்தேன். தாங்கியை முன்னுக்கு நகர்த்தினேன். பனி உருகுவதற்கு முன் மோரீனே ஓட்டி மேலே போய், அங்கிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். கொலின் சொன்னபடி அடுத்த நாள் கடிதத்தைத் தபாலில் போட்டார்.

மலர் கோடையில் வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்குக் கொலினும் வந்தார். "பயணம் நன்றாக இருந்ததா?" என்று அவளிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றாள். கொலினுக்குக் கொண்டாட்டம். "யெஸ்ஸா, ஹோமா?" என்று கேட்டார். மலர் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் "ஓம்" என்றாள். பாவம், அவளுக்குக் கொலின் பேசுகிற இங்கிலீஸ் பிடிபடவில்லை என்று நான் சிரித்தேன்.

இது எங்கள் வீட்டில் நிரந்தரப் பகிடி ஆகிவிட்டது. தேத்தண்ணி வேணுமா என்று கேட்டால் மகள் "ஹோம்" என்பாள். பேரப்பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். போன வருடம் பிறந்தநாள் விழா ஒன்றில் நான் வழக்கம் போல இதைச் சொல்லி முடித்து எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மலர் திரும்பாமலே சொன்னாள்:

"அண்டைக்கு எயார்போட்டில கொலின் கேட்டது எனக்கு நல்லா விளங்கினது. நான் ரெண்டாவதைத்தான் சொன்னனான்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "வீட்டை போகவேணும் எண்டோ?"

"ஓம். கன வருசம் அப்பிடித்தான் இருந்தது."

"பிறகேன் போகேல்லை?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "தனிய விட்டிட்டுப் போனால் நீங்கள் திரும்பவும் மலை ஏறுவியள்" என்றாள்.