கீழே வைத்த பெட்டி

விளக்குகள் எரிந்ததும் நிஷிவாகி கண்களைத் திறந்தார். படம் ஓடிய நேரம் முழுவதும் அவற்றை இறுக மூடி, காதில் பஞ்சும் வைத்திருந்தார். தன் உயிரான நாவலைப் படமாகப் பார்த்ததில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை.

பஞ்சைப் பைக்குள் மறைப்பதற்குள் திரைப்பட மன்றத் தலைவி ஒகினோ எழுந்துவிட்டாள். நாவலா, படமா என்று இன்று விவாதம். தோற்கும் மன்றம் இந்தப் பொதுக்கூடத்தின் சனிக்கிழமை மாலைகளை மற்றதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வாசகர் மன்றத் தலைவரான நிஷிவாகிக்கு வாரத்தில் சனிக்கிழமையை விட்டால் வேறு நாளே இல்லை.

முன்வரிசையில் சிறப்பு விருந்தினர்: அந்தப் படத்தை எடுத்த, இப்போது உயிரோடு இல்லாத உள்ளூர் டைரக்டர் தமாருவின் மனைவி.

“சொல்லுங்க தலைவரே, படத்துல என்ன குறை?” என்றாள் ஒகினோ.

“முடிவு.” எந்தப் படத்துக்கும் பொருந்தும் குறை. “கதாநாயகி ஷினோவைக் கப்பல்ல ஏத்தி அனுப்பி, ஜனங்களை அழ வெச்சுட்டீங்க.”

“அவ எங்கே ஏறினா? துறைமுகத்துல பெட்டியைக் கீழே வைக்கிறா, படம் முடிஞ்சுடுது. தூங்கிட்டீங்களா?”

கூடம் சிரித்தது. நிஷிவாகி பார்லித் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

“சும்மா உங்களைச் சோதிச்சேன். நாவல்லயும் அப்படித்தான் முடியுது. பார்த்து எழுதுறது ஒரு கலையா?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவருடைய மன்றத்துச் சாயோவே அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“தலைவரே, நாவல்ல அவ போயிடுறா. படத்துலதான் மாத்திட்டாங்க. அதுக்குத்தானே தமாருவைப் பத்திரிகையில கிழிகிழின்னு கிழிச்சாங்க?”

“நீ படிச்சது பள்ளிக்கூடச் சுருக்கம்.”

“முழுப் புத்தகம்தான்!”

“அப்போ இதைக் கேளு!” தன் பிரதியை எடுத்தார். வாங்கிய அன்று கடைக்காரர் மடித்துப் போட்ட காகித உறை அப்படியே இருந்தது. அதிலிருந்த கடையின் நாரை முத்திரை மட்டும் மங்கியிருந்தது. கடைசி வரியை உரக்கப் படித்தார்: “‘ஷினோ பெட்டியைக் கீழே வைத்தாள்.’ அவ்வளவுதான். போகலைன்னு சொல்லாமலே சொல்லிட்டார். இதுதான்மா இலக்கியம்!”

சாயோ தன் பிரதியைப் புரட்டினாள். அதில் அந்த வரிக்குப் பிறகும் கதை இருந்தது.

“‘கை மாற்றி எடுத்துக்கொண்டு கப்பலில் ஏறினாள்.’ தலைவரே, உங்களுதுல கடைசிப் பக்கங்களைத் தைக்காமலே விட்டிருக்காங்க. பக்கம் குறைஞ்சா மாத்தித் தருவோம்னு பதிப்பகத்துக்காரங்க எல்லாப் புத்தகத்துலயும் போடுறாங்களே, கவனிக்கலையா?”

நிஷிவாகியின் ஷினோ இத்தனை காலமும் அந்தத் துறைமுகத்தில்தான் நின்றிருந்தாள். இனி அவளைக் கப்பலேற்ற அவருக்கு மனம் வரவில்லை.

“சனிக்கிழமையை எடுத்துக்கோங்க,” என்றார் தலை நிமிர்ந்து. “புத்தகத்தை மட்டும் மாத்த மாட்டேன்.”

திருமதி தமாரு எழுந்து வந்தார். புத்தகத்தை வாங்கி, உறையிலிருந்த நாரையை வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“ஸ்டேஷன் மேட்டுக் கடையா?”

“ஆமாம்மா.”

“எங்க வீட்டுக்காரரும் இந்தப் புத்தகத்தை அங்கேதான் வாங்கினார். ‘நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலையே, ஏன் என்னைத் திட்டுறாங்க’ன்னு சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார்.”