பாதியில் நிறுத்தக்கூடாத ஜெபமும் மலிவு விலை ஸ்பீக்கரும்

இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவனிடம் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது. மண் அள்ளும் ராட்சத வண்டிகளின் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டியவன் நான். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் என்னை என்ன செய்துவிடும்?

பேத்தி ஷீபா அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். பழைய தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூரு போய், இருட்டின பிறகு வீடு திரும்புவாள். ஒரு கம்பெனியில் பயிற்சிக்கு இன்டர்வியூ வந்தது. கிடைத்தால் தங்க இடம் அவர்களே தருவார்கள். ரயில் ஓட்டம் தீரும். இன்டர்வியூ ஆன்லைனில். ஆனால் அவளுடைய லேப்டாப்பின் ஸ்பீக்கர், கொசு ஜலதோஷம் பிடித்துப் பேசுவது போலிருந்தது.

"தாத்தா, ஒரு ஹெட்செட் வாங்கிக் குடுங்க, போதும்."

"காது கெட்டுப்போவும். உன் லேப்டாப், டேப், போன் மூணுக்கும் சேர்த்து நல்லதா, மலிவா ஒரு ஸ்பீக்கர் வாங்கறேன். இது என் டிபார்ட்மென்ட்."

ராபர்ட்சன்பேட்டைக் கடையில் கடைக்காரரைக் குறுக்கு விசாரணையே செய்துவிட்டேன். கடைசியில் அவர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"சார், இதுல ரெண்டு மெஷின் ஒரே நேரத்துல சேரும். லேப்டாப்புல பாடம் ஓடினு இருக்கும்போது போன் வந்தா, தானா போனுக்கு மாறிடும்."

"நெஜமாவே தானா மாறுமா?"

"அதான் சார் இதுல விசேஷம்."

(மனுஷன் ஆபத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் மெச்சித் தலையாட்டினேன்.)

வீட்டில் முதலில் என் போனை அதில் இணைத்து ஒரு கீர்த்தனை போட்டேன். சுவர் அதிர்ந்தது. பிறகு லேப்டாப்பையும் இணைத்தேன். என் போனின் இணைப்பை எடுத்திருக்க வேண்டும். ஞாயிறு மாலை பிரசங்கம் கேட்க ஆகுமே என்று, ஷீபாவிடம் சொல்லாமலே விட்டுவைத்தேன்.

இந்த இடத்தில் ஜெபராஜைச் சொல்ல வேண்டும். என் நண்பன். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜின் இரைச்சலில் வேலை பார்த்தவன். ரகசியத்தைக்கூட அடுத்த லைன் வீடுகளுக்கும் சேர்த்தே சொல்லுவான். எங்கள் சபையில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் போனிலேயே ஜெபித்துவிடுவான். இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் அவனிடம் போய், "பாப்பா கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல கொஞ்சம் வீக்குப்பா. அத்த சொல்லி ஜெபம் பண்ணு" என்றேன்.

"நீ இன்னாத்துக்கு கவலைப்படறே? நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலை ஷீபா ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். தொந்தரவு வேண்டாமென்று நான் பின்வாசலில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தேன். போன் அதிர்ந்தது. எடுத்து, "ஹலோ" என்றேன். பதிலில்லை. "ஜெபராஜு, ஹலோ!" காதில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ஷீபாவின் ஜன்னலிலிருந்து இடி இடித்தது:

"பரலோக பிதாவே! இந்த அறியாப் பிள்ளைய பாரும்! கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்னா அதுக்கு கை காலு நடுங்குது சாமி! அந்த கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் கேள்வி வராதபடிக்கு அவங்க கண்ணை மறையும்! கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்கிற மலையை நீரே பேத்துப் போடும்!"

சிவப்புப் பொத்தான் என் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. அழுத்தினால் முடிந்தது. ஆனால் ஜெபத்தைப் பாதியில் வெட்டுவதா? பால்குடி மறந்த நாளிலிருந்து பழகிய உடம்பு. என்னைக் கேட்காமலே எழுந்து நின்றது, கண்ணை மூடியது, தலையைக் குனிந்தது. ஜெபராஜ் சுருக்கமாக ஜெபிக்கிறவனும் இல்லை. இஸ்ரவேலரைச் செங்கடல் தாண்ட வைத்து, தானியேலைச் சிங்கக் கெபியிலிருந்து மீட்டு, அப்புறம்தான் முடித்தான். நான் வாய்விட்டு "ஆமென்" சொன்னேன். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு ஆமென் வந்தது.

போன் தானாக அடங்கியது. ஸ்பீக்கர், கடைக்காரர் சொன்னபடியே, நேர்மையாக லேப்டாப்புக்குத் திரும்பியது. இன்டர்வியூ செய்த அதிகாரி கன்னடக்காரர். லேப்டாப் மைக் வழியாகக் கேட்ட அந்த முழு ஜெபத்தில் அவருக்குப் புரிந்தது இரண்டே இரண்டு வார்த்தை. சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் வீட்டில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் இவ்வளவு ஆர்வமா? சரி, அதிலேயே ஆரம்பிப்போம்."

ஆரம்பித்தார். அதிலேயே முடித்தார்.

வெளியே வந்த ஷீபாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "ஸ்பீக்கரையாவது ஆஃப் பண்ணியிருக்கலாமேம்மா" என்றேன், தரையைப் பார்த்து.

"ஜெபத்துக்கு நடுவுலயா? நானும் கண்ண மூடினு இருந்தேன் தாத்தா."

அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. வேறொன்று கிடைக்கும்வரை அவள் ரயிலில்தான் போய்வந்தாள். பிராயச்சித்தமாக நானும் தினம் எழுந்து, டார்ச்சோடு ஸ்டேஷன்வரை போய் வழியனுப்பினேன். ஒரு வார்த்தை அவள் குத்திக்காட்டியதில்லை. அதுதான் எனக்குக் குத்தியது. ஹெட்செட்டும் வாங்கிக் கொடுத்தேன். அவளே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

ஜெபராஜ் மட்டும் இன்றுவரை அசரவில்லை. "என் ஜெபம் பெங்களூரு வரிக்கும் கேட்டுதா இல்லியா, அத்த சொல்லு" என்கிறான்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்காவது பரீட்சையோ இன்டர்வியூவோ வந்தால், எந்தப் பாடத்தில் வீக் என்பதை என்னிடம் மட்டும் சொல்வதில்லை. கேட்டால் ஷீபா கும்பிடு போடுவாள்: "எல்லாத்துலயும் ஸ்ட்ராங் தாத்தா. ஜெபராஜ் தாத்தாகிட்ட அப்பிடியே சொல்லிடுங்க."