பெயர் குறிப்பிடாத ஓர் ஊர்

ஒரு நாட்டை யார் வேண்டுமானாலும் விடுவிக்கலாம்; மரியாதை குறையாமல் விடுவிக்க ஆங்கிலேயனாகப் பிறந்திருக்க வேண்டும். 1944இல் பிரான்ஸை மீட்கத் திட்டம் போட்ட லண்டன் கமிட்டியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஓடில் இதைக் கண்ணாரக் கண்டாள். அவள் பிரெஞ்சுக்காரி. நார்மண்டியில், வெரான் என்ற ஊரில், அவள் தங்கை ஜெர்மேன் ரொட்டிக்கடை வைத்திருந்தாள்.

கடற்கரைக்குப் போகும் சாலை வெரான் வழியாகத்தான் போனது. ஜெர்மன் படைக்கு அந்த வழி கிடைக்காதிருக்க, வெரானையே குண்டு போட்டு மூடிவிடுவது என்று முடிவாயிற்று. ஓடில் எழுந்து நின்றாள்.

"சார், என் தங்கச்சி அங்க இருக்கா!"

"கவலையே படாதம்மா," என்றார் கமிட்டித் தலைவர் பிரிகேடியர் விண்டில். "சொல்லாமக் கொள்ளாம ஒருத்தர் வீட்டுல குண்டு போடுறது நம்ம பழக்கமே இல்ல. நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் போடுவோம்."

தேநீர் வந்தது. படையெடுப்பு எழுந்து வழிவிட்டது. அதன்பின் நோட்டீஸ் தயாராயிற்று: 'அன்புடையீர், தங்கள் பகுதியிலுள்ள ஓர் ஊர் விரைவில் குண்டுவீச்சுக்கு உள்ளாகும். சிரமத்துக்கு வருந்துகிறோம். தயவுசெய்து வெளியேறவும்.'

"எந்த ஊருன்னே இல்லையே சார்?"

"பேரைப் போட்டா எதிரிக்குத் தெரிஞ்சிடாதா?"

"ஊர்க்காரங்களுக்கும் தெரியாதே!"

"ரகசியம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. அதுதானே ஜனநாயகம்!"

கமிட்டி மேசையைத் தட்டி ஆமோதித்தது. ஓடில் முட்டி மோதிப் பார்த்தாள். 'தயவுசெய்து' என்பதை இரண்டு முறை போடுவதற்கு மட்டும் சம்மதித்தார்கள்.

விமானங்கள் நோட்டீஸை வீசின. பிறகு குண்டை வீசின. கடலே தெரியாதபடி கப்பல்கள் போயின; படை கரையேறியது. சில நாள் கழித்து, பிரிகேடியரின் ஜீப்பில் ஓடில் வெரானுக்குப் போனாள். வழிநெடுகக் கிராமங்கள் ஓடு கலையாமல் நின்றன. ஆள்தான் இல்லை.

"பாத்தியா! எவ்வளவு கட்டுப்பாடாக் கெளம்பிப் போயிருக்காங்க! எல்லாம் நம்ம நோட்டீஸோட மகிமை!" பிரிகேடியருக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெரானில் கற்குவியல்தான் இருந்தது. இடிந்த ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில், தலையில் கட்டோடு ஜெர்மேன் உட்கார்ந்திருந்தாள். ஓடில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நோட்டீஸப் பாக்கலையாடி பாவி? ஏன்டி ஓடிப்போகல?"

"எங்க ஓடுறதுக்கா? சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாரும் அவங்கவங்க ஊரத்தான் சொல்றாங்கன்னு பயந்துட்டாங்க. இங்கதான் கல்லுக் கட்டடம், நிலவறையெல்லாம் இருக்குன்னு குஞ்சு குளுவானோட வந்து நின்னாங்க. நாந்தான் ரொட்டி குடுத்து, இருங்கன்னு சொன்னேன். நாந்தாங்க்கா சொன்னேன்!"

பிரிகேடியர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என்னவாம்? அந்தக் கிராமத்து ஜனங்க எங்கதான் போனாங்களாம்? நேர்ல பாத்து நன்றி சொல்லணும் எனக்கு."

"சொல்லுங்க சார்," என்றாள் ஓடில். "அவங்க மேலதான் நிக்கிறீங்க."