கார் வாங்கப் போய் நான் இல்லாமல் போன கதை

முதல் கார் வாங்க நினைப்பவனுக்குக் கொஞ்ச காலம் புத்தி மழுங்கிவிடுகிறது. நேற்று வரை நன்றாக இருந்த மனிதன், எதைப் பார்த்தாலும் மாதத் தவணையாகப் பார்க்க ஆரம்பிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்போடு பலாப்பழம் கொடுத்தால், இதையே பணமாகக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. இதைவிட வெட்கக்கேடு பின்னால் வருவதால், இதை முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்தால் இங்கே ஒரு நாடு) இருக்கிறது. மலைக்கே கடைத்தெருவான செம்மேட்டில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பென்ஷன் என்று மலை ஜனங்களுக்கு வேண்டியதை எல்லாம் விண்ணப்பித்துக் கொடுப்பது தொழில். கூடவே அறிவுரையும் கொடுப்பேன். (அதற்குக் கட்டணம் இல்லை. யாரும் கேட்பதும் இல்லை.) ஒருமுறை எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் போனில் வந்த கடன் விளம்பரத்தை நம்பி மாட்டிக்கொண்டார்கள். வசூலுக்கு ஆட்கள் வீடு தேடி வந்து மிரட்டினார்கள். அப்போது நான் ஊரைக் கூட்டி ஒரு பிரசங்கமே செய்தேன். "பைக்கு, ஹெல்மெட்டு, தோள்பையோட எவனாவது வந்து நம்மாளு யாரப் பத்தி விசாரிச்சாலும் வாயத் தொறக்காதீங்க. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லீருங்க" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை அன்றைக்கே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கார் ஆசைக்குக் காரணம் என் சகலை. ராசிபுரத்துக்காரர். எந்த விசேஷம் முடிந்தாலும் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மண்டபமே கேட்கும்படி, "ஏறுங்க தம்பி, பாவம், பஸ்ஸுக்கு எந்நேரம் நிப்பீங்க" என்பார். பாவம் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கார் வாங்க முடிவு செய்தேன். நாமக்கல்லில் ஒரு பழைய கார் பார்த்து, முன்பணமும் கொடுத்தாயிற்று. மீதிக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் விண்ணப்பித்தேன்.

பட்ஜெட் போட்டேன் பாருங்கள், மத்திய மந்திரிகூட அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். தவணை, பெட்ரோல், டயர் தேய்மானம், ஃபுல் இன்சூரன்ஸ். அதன்பின் பாதுகாப்பு: ஸ்டீரிங்கைப் பூட்டும் இரும்புத் தடி, தொட்டால் அலறும் சைரன், மூடி வைக்க உறை. என் மனைவி கவிதா ஒருநாள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏனுங்க, இங்கிருந்து காரத் திருடுறவன் எழுபது வளைவு எறங்கோணுமே. அவனே பாதியில வாந்தியெடுத்துட்டு நிறுத்தீருவான். பூட்டு எதுக்குங்க?"

பாதுகாப்பு திருடனிடமிருந்து மட்டும் இல்லை என்று விளக்கினேன். எங்கள் ஊரில் யாரிடமும் கார் கிடையாது. வாங்கியது தெரிந்தால் பிரசவம், பல்வலி, வங்கி வேலை என்று ஊரே ஏறும். ஆகவே அது என் கார் என்றே சொல்லப் போவதில்லை. செம்மேட்டில் நிறுத்திவிட்டு, யாரோ கம்பெனிக்காரர்கள் ஓட்டிக்கொள்ளக் கொடுத்தது, வெளியாட்களை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிடலாம். இந்தத் திட்டத்தை நான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். கவிதா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த முன்பணத்தைச் சேர்ப்பதற்காக ஏற்கெனவே செலவையும் குறைத்திருந்தேன். பொன்னுசாமி மாமா கடையில் டீ குடிப்பதை நிறுத்தினேன். இரண்டு கல்யாணங்களுக்குத் தலைவலி என்று போகவில்லை. அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டேன். இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. (மலையில் ஒரு கோழி நொண்டினாலே நாலு பேர் விசாரிப்பார்கள்.)

பைனான்ஸ் கம்பெனி மேனேஜர், வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்று சொல்லித்தான் இருந்தார். அது ஒரு சம்பிரதாயம் என்று விட்டுவிட்டேன். அந்த ஆள் வந்த அன்று நான் செம்மேட்டுக் கடையில் இருந்தேன், கவிதா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நடந்ததைப் பிறகு பலர் வாயால் கேட்டுக் கோத்துக்கொண்டேன்.

வந்தவர் மரியாதையான இளைஞர். ஆனால் பைக்கில் வந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார். தோளில் பை மாட்டியிருந்தார். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "ராஜேந்திரன் வீடு எதுங்க? லோன் விஷயமா வந்தேன்" என்றார்.

பொன்னுசாமி மாமா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "ராஜேந்திரனா? அவன் கேரளாவுக்குப் போயி வருசமாச்சுங்க. கல்யாணமாயி அங்கயே இருக்கானாம்."

அவர் விலாசத்தைப் பார்த்து எப்படியோ எங்கள் வீட்டுக்கே வந்து படம் எடுத்திருக்கிறார். எதிர்வீட்டுச் செல்லம்மா சின்னம்மா (அம்மாவின் தங்கை, பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் பெயர்) ஓடிவந்து, "அது ஊடு இல்லீங்க, ஆட்டுக் கொட்டாயி" என்றிருக்கிறாள். எங்கள் வீட்டு ஆடும் அந்த நேரம் பார்த்துத் திறந்த கதவு வழியாக வெளியே வந்திருக்கிறது.

கடைசியில் மரவள்ளிக் காட்டிலிருந்து மண் கையோடு வந்த என் அம்மாவிடம், "நீங்க ராஜேந்திரனோட அம்மாதானே?" என்று கேட்டிருக்கிறார். என்னைப் பெற்று வளர்த்த அந்த மகராசி, சற்றும் தயங்காமல் சொன்னாளாம்:

"எனக்குப் புள்ளையே கெடையாதுங்க சாமி."

மத்தியானம் மேனேஜர் போன் செய்தார். "ராஜேந்திரன் சார், ரிப்போர்ட் வந்திருக்கு. அதுப்படி நீங்க கேரளாவுல இருக்கீங்க. உங்க வீடு ஆட்டுக் கொட்டாய். உங்கம்மாவுக்குக் குழந்தையே இல்ல. நாங்க யாருக்கு சார் லோன் குடுக்கறது?"

எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. "படிக்காத ஜனங்க சார், ஒண்ணுந் தெரியாது. நானே கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்றேன். என் ஊரைப் பற்றி ஒரு வெளியாளிடம் நான் பயன்படுத்திய வார்த்தைகள் இவை. இன்றும் நினைத்தால் காது சுடுகிறது.

கடையைச் சாத்திவிட்டு, அம்மா வீட்டிலிருந்து செம்மேட்டில் வந்திறங்கிய கவிதாவையும் சேர்த்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினேன். என்னென்ன கேட்க வேண்டும், யாரை முதலில் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கண் வீங்கியிருந்தது. நடுவில் விரித்திருந்த சாக்கில் கொஞ்சம் பணம், ஒரு மூட்டை மிளகு, அதன்மேல் ஒரு ஜோடித் தோடு. செல்லம்மா சின்னம்மாவின் காது வெறுமையாக இருந்தது.

பொன்னுசாமி மாமாதான் ஆரம்பித்தார். "எவ்வளவுடா வாங்கித் தொலைச்ச? டீ குடிக்கறத நிறுத்துனப்பவே எனக்குத் தெரியும். சொல்றதுக்கென்ன? நாங்கெல்லாம் செத்தா போயிட்டம்?"

"அந்தாளு ஊட்டப் படம் புடிச்சுட்டுப் போறான் கண்ணு" என்றாள் சின்னம்மா. "ஏலத்துக்கு உட்ருவாங்களாமே. இத வெச்சு இப்போதைக்கு அடைச்சிரு. நீ சொல்லிக் குடுத்த மாறியே ஆளில்லீன்னு சொல்லீட்டம், பயப்படாத."

வரிசைப்படுத்தி வைத்திருந்த வசவெல்லாம் வீணாயிற்று. உட்காரலாம் என்று பையைக் கீழே வைத்தேன். அதிலிருந்து அந்த இரும்புத் தடி எட்டிப் பார்த்தது. கார்க்கடைக்காரர் அன்றைக்குத்தான் கண்டக்டர் மூலம் கொடுத்து அனுப்பியிருந்தார். அம்மா பதறிப் போனாள்.

"இதென்னடா தடி? யாரடிக்கப் போற?"

"காருப் பூட்டும்மா."

"எந்தக் காருக்கு?"

நான் இந்த இடத்திலாவது மனிதனாக இருந்திருக்கலாம். சாக்கின் மேல் தோடு மின்னிக்கொண்டிருக்கிறது. என் வாயோ தானாகத் திட்டப்படி பேசியது: "அது... ஒரு கம்பெனிக் காரும்மா. என்னைய ஓட்டிக்கச் சொல்லி..."

"கம்பெனிக் காருக்கு நீ எதுக்குடா பூட்டு வாங்கற?" என்றார் மாமா.

"போதுமுங்க" என்றாள் கவிதா. என்னிடம்தான் சொன்னாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இவருதான் காரு வாங்கறாருங்க மாமா. வந்தவரு கடன வசூலிக்க வரல, கடன் குடுக்கலாமான்னு பாக்க வந்தவரு. தெரிஞ்சா எல்லாரும் ஏறிக்குவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாரு" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

யாராவது திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. சின்னம்மா தோட்டை எடுத்துக் காதில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். திருகாணி ஏறவில்லை. அம்மா எழுந்துபோய் மாட்டிவிட்டாள். அதுவரை நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பிடிக்காத மாதிரி திரும்பிக்கொண்டது. வாழ்க்கையில் நான் அவ்வளவு அற்பனாக அதற்கு முன்னும் பின்னும் உணர்ந்ததில்லை.

மாமா மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "செரி, அந்தப் பையன மறுக்கா வரச்சொல்லு. ஆளு இருக்கான்னு சொல்லோணுமில்ல."

மறுபடியும் அந்த இளைஞர் வந்தபோது ஊரே வரவேற்றது. மாமா டீக்குக் காசு வாங்கவில்லை. சின்னம்மா ஆட்டைக் கண்காணாத இடத்தில் கட்டிவிட்டு, "இது ஊடுதானுங்க, ஊடுதானுங்க" என்று சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அவர் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்குப் புள்ளையே இல்லைன்னீங்களே?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அன்னிக்கு இல்லீங்க சாமி. அதுக்கப்புறந்தான் பொறந்தான்."

கடனுக்கு ஜாமீன் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார் அவர். நான் யாரையும் கேட்கவில்லை; கேட்க எனக்கு என்ன தகுதி இருந்தது? மாமா டீ ஆற்றிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்கே போடுவது என்று கேட்டுப் போட்டார்.

கார் வந்தது. செம்மேட்டில் அல்ல, எங்கள் வாசலில்தான் நிற்கிறது. முதல் பயணத்தில் சின்னம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து மலையிறங்கினேன். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் சீட்டு, கதவு, என் சட்டை எல்லாம் வாந்தி. (விசாரித்துவிட்டேன். ஃபுல் இன்சூரன்ஸில் அது சேராதாம்.) பிரசவம், பல்வலி, வங்கி வேலை எல்லாம் நான் பயந்தபடியே நடக்கிறது. யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லும் முகம் எனக்கு இல்லை. அந்த இரும்புத் தடியை அம்மா கன்றுக்குட்டி கட்ட முளையாக அடித்துவிட்டாள். காலையில் காப்பி கொடுக்கும்போது கவிதா, "இன்னிக்கு இருக்கீங்களா, கேரளாவுல இருக்கீங்களா?" என்று கேட்காத நாள் குறைவு. சகலைக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. விசேஷங்களில் இப்போது, "வாங்க தம்பி, எப்பப் பொறந்தீங்க?" என்கிறார்.

போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. ஊருக்கெல்லாம் தேதி நினைவூட்டும் நான், என் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன். தேதி தாண்டிவிட்டால் வண்டியை நேரில் பார்த்துப் படம் எடுக்க ஆள் வருவார்களாம். அன்று நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தரை விரிப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சின்னம்மா கார் முன்னால் நின்று, பானட்டின் மேல் விரித்த துணியில் மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பைக் சத்தம் கேட்டது. ஹெல்மெட், தோள்பை.

"ஏனுங்கம்மா, இங்க ராஜேந்திரன்னு ஒருத்தர் காரு..."

"காருங்களா?" என்றாள் சின்னம்மா, மிளகைக் கிளறியபடியே. "இந்த ஊர்ல ஏதுங்க காரு. எல்லாரும் பஸ்ஸுலதான் போறமுங்க."

நான் தலையை நிமிர்த்தப் போனேன். சின்னம்மா அவருக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் சாய்ந்து, முகத்தை மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"எந்திரிக்காத கண்ணு. நான் பாத்துக்கறேன்."

இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.